போன மின்சாரம் திரும்பி வர வேண்டும்

மனிதன் தனக்கென அமர்த்திக்கொண்ட பணியாட்களுள் மின்சாரத்திற்கு ஒப்பான பணியாள் வேறு இல்லை. அது விளக்கேற்றுகிறது, விசிறி வீசுகிறது, கிணற்று நீரை மாடிக்கு ஏற்றுகிறது, மாவரைக்கிறது, சோறும் சமைக்கிறது. கூலி கேட்பதில்லை, களைப்படைவதும் இல்லை. ஆயினும், இப்பணியாள் கண்ணுக்குப் புலப்படாதவன். அவன் எவ்வழியே வருகிறான், எவ்வழியே செல்கிறான் என்பதை அறிந்தவர்க்கே அவன் பணியாள். அறியாது கை நீட்டுவோர்க்கு அவன் கூற்றுவன். ஆதலால், நம் வீட்டு விளக்கு எரியாதபோதும், அணைக்க வேண்டிய நேரத்தில் அணையாதபோதும், அதன் காரணத்தை முறையாக ஆராய்ந்தறியும் அறிவு நம் அனைவர்க்கும் வேண்டுவதாகும்.

மின்சாரத்தை ஏவவும் நிறுத்தவும் பயன்படும் கருவி சுவிட்சு ஆகும். தொடக்க காலத்துச் சுவிட்சுகளை அணைக்கும்போது, அவற்றின் உள்ளிருக்கும் உலோகத் துண்டுகள் மெல்ல விலகும். அவ்வாறு விலகும் இடைவெளியில் தீப்பொறி பாய்ந்து, அத்துண்டுகளைக் கருக்கிவிடும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தவரான ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் 1884-ஆம் ஆண்டில் இக்குறையை நீக்கினார். துண்டுகள் ‘படக்’கென்று விரைவில் விலகுமாறு அவர் ஒரு சுவிட்சை அமைத்தார். நாம் இன்று கையால் தட்டும் சுவிட்சிலும் அந்த விரைவே பொறியை அடக்குகிறது.

கையால் தட்டாமலே சுவிட்சை இயக்கும் வழியும் நெடுங்காலத்திற்கு முன்பே தோன்றியதாகும். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டளவில் ரிலே என்னும் கருவியின் தத்துவத்தைச் செய்து காட்டினார். சிறிய மின்னோட்டம் ஒரு கம்பிச் சுருளைக் காந்தமாக்கும். அக்காந்தம் ஓர் இரும்புத் துண்டை ஈர்க்கும். அவ்வசைவு மற்றொரு பெரிய மின்சுற்றைத் திறக்கும் அல்லது மூடும். சிறுவன் ஒருவன் மணியை அடிக்க, அதைக் கேட்டுக் காவற்காரன் கோட்டைக் கதவைத் திறப்பது போன்றது இது. 1975-ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்தின் கிளென்ராத்தஸ் நகரிலிருந்த பிகோ எலெக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம், வீட்டு மின்கம்பிகளின் வழியாகவே கட்டளைகளை அனுப்பி விளக்குகளை இயக்கும் ‘எக்ஸ்-10’ என்னும் முறையை வகுத்தது. இன்று அக்கட்டளை பெரும்பாலும் வானொலி அலையாகக் காற்றில் வருகிறது. கைப்பேசியைத் தொட்டாலும், வாய்திறந்து சொன்னாலும், குறித்த நேரம் வந்தாலும் விளக்கு எரிகிறது. இத்தகைய சுவிட்சைக் கடைக்காரர் ‘ஸ்மார்ட் சுவிட்சு’ என்பர். நாம் தானியங்கிச் சுவிட்சு என்று வழங்குவோம்.

கருவி எத்துணைப் புதிதாயினும், அது கட்டுப்படும் விதி பழையது. அவ்விதி யாது? மின்னோட்டம் நடைபெற வேண்டுமாயின் அதற்குப் போகும் வழியும் வேண்டும். திரும்பும் வழியும் வேண்டும். இரண்டும் சேர்ந்த முழு வட்டத்தையே மின்சுற்று என்கிறோம். செக்கைச் சுற்றும் மாட்டின் பாதை முழு வட்டமாக இருந்தால்தான் எண்ணெய் வரும்; பாதையில் ஓரிடத்தில் பள்ளம் விழுந்தாலும் மாடு நின்றுவிடும். மின்சாரமும் அத்தகையதே. வீட்டுக்கு வரும் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி என்னும் கணக்கில் திசை மாறிக்கொண்டே இருப்பினும், இரு வழிகளும் வேண்டும் என்னும் விதியில் மாற்றமில்லை.

நம் வீடுகளில் விளக்குக்கும் விசிறிக்கும் 230 வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் வருகிறது. அதைக் கொணரும் கம்பியை மின்பணியாளர் ‘பேஸ்’ என்பர். திரும்பும் கம்பியை ‘நியூட்ரல்’ என்பர். நியூட்ரல் கம்பி தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரின் இடத்தில் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே, பேஸ் கம்பிக்கும் பூமிக்கும் இடையேயும் அதே 230 வோல்ட் அழுத்தம் இருக்கிறது. தரையில் வெறுங்காலுடன் நிற்கும் ஒருவன் பேஸ் கம்பியைத் தொட்டால், அவன் உடலே திரும்பும் வழியாகிவிடுகிறது. மின்சாரம் அவன் கையில் புகுந்து, கால் வழியே பூமியை அடைந்து, வட்டத்தை முடித்துக்கொள்கிறது. மின் அதிர்ச்சி என்பது இதுவே.

மூன்றாவதாக, ‘எர்த்து’ என்னும் கம்பி ஒன்றும் உண்டு. பிழையில்லாத காலத்தில் இக்கம்பி வேலையின்றிச் சும்மா இருக்கும். கீசர், மோட்டார், சலவைப்பெட்டி போன்றவற்றின் உலோக உடலில் தவறாக மின்சாரம் ஏறிவிட்டால், அதை மனிதன் மேல் பாயவிடாமல் பூமிக்கு இட்டுச் செல்வதே இதன் கடமை. வழக்கமாகப் பேஸ் கம்பிக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களுள் ஒன்றும், நியூட்ரலுக்குக் கறுப்பும், எர்த்துக்குப் பச்சையும் இடப்படும். ஆயினும், நிறத்தை மட்டும் நம்புதல் ஆகாது. கையில் அகப்பட்ட கம்பியை எடுத்துப் பொருத்திச் சென்றவரும் உளர். நிறம் சொல்வதைச் சோதனைக் கருவியும் ஒப்பினால்தான் அது மெய்.

வீட்டு மின்சுற்றில் நேரும் பிழைகள் ஆயிரம் வடிவில் தோன்றினும், அவற்றை மூன்று வகையுள் அடக்கலாம். முதலாவது, பாதை அறுந்து போதல். பியூஸ் எரிதல், கம்பி முறிதல், திருகாணி தளர்தல் ஆகியவை இவ்வகையின. இவற்றால் விளக்கு எரியாது. இரண்டாவது, வேண்டாத பாதை உண்டாதல். பேஸ் கம்பி நியூட்ரலையோ உலோகத்தையோ ஈரச் சுவரையோ தொடுவதால் மின்சாரம் தான் செல்லக் கூடாத வழியில் செல்லும். மூன்றாவது, பாதை சுமையைத் தாங்காமை. மெல்லிய கம்பியிலும் தளர்ந்த இணைப்பிலும் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்தால் அவ்விடம் சூடேறும்; சூடு மிகுந்தால் தீப்பிடிக்கும். விளக்கு விட்டுவிட்டு எரிவதும், பலகையில் கருகிய மணம் வீசுவதும் இதன் அறிகுறிகளாம்.

தானியங்கிச் சுவிட்சு வந்தபின் நான்காவது வகை ஒன்றும் சேர்ந்தது. அது, கட்டளை வந்து சேராமை. பாதை செம்மையாக இருந்தும், ‘எரிக’ என்னும் செய்தி சுவிட்சை அடையாவிடின் விளக்கு எரியாது. ஆகவே, ஆராய்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘பிழை பாதையிலா, செய்தியிலா?’ என்பதே. இதற்கு விடை காண்பது எளிது. பெரும்பாலான தானியங்கிச் சுவிட்சுகளில் கையால் அழுத்தும் பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் விளக்கு எரிகிறதா? எரியுமாயின் கம்பிகளில் குறையில்லை. குறை செய்தியில் உள்ளது. வீட்டிலுள்ள இணையக் கருவி இயங்குகிறதா, அதன் கடவுச்சொல் மாற்றப்பட்டதா, சுவிட்சு இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வானொலி அலை இரும்புத் தகட்டை ஊடுருவாது. தடித்த சுவர்களைக் கடக்கும்தோறும் மெலியும். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லையாயின், கைப்பேசியை நூறு முறை தொட்டும் பயனில்லை. பாதையையே ஆராய வேண்டும்.

பாதையை ஆராயும்போது வழி தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாகச் செல்லுதல் நன்று. வீடு முழுவதும் மின்சாரம் இல்லையா, ஓர் அறையில் மட்டும் இல்லையா, ஒரு விளக்குக்கு மட்டும் இல்லையா என்று முதலில் வரையறுக்க வேண்டும். ஒரு விளக்குக்கு மட்டும் என்றால், வேறிடத்தில் நன்றாக எரியும் விளக்கை அங்கே மாட்டிப் பார்த்தல் வேண்டும். அதுவும் எரியாவிடின் ஹோல்டர், கம்பி, சுவிட்சு என்னும் வரிசையில் ஐயம் குறுகி வரும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கையும் ஒருங்கே மாற்றிவிட்டு விளக்கு எரிந்தால், எது பிழை என்பது தெரியாமலே போய்விடும். அப்பிழை மீண்டும் வந்தால் மீண்டும் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

இம்முறை எவ்வாறு பயன்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பழைய மாடி வீடு ஒன்றில் படிக்கட்டு விளக்குக்குத் தானியங்கிச் சுவிட்சு பொருத்தினார்கள் என்று கொள்வோம். விளக்கு 9 வாட் எல்.இ.டி. வகையைச் சார்ந்தது. பகலில் குறை ஒன்றும் தெரியவில்லை. இரவில் சுவிட்சை அணைத்த பின்னும் விளக்கு முற்றும் அணையவில்லை. சாம்பல் பூத்த தணல் போல் மங்கலாக ஒளிர்ந்தது. சில வேளைகளில் கண் சிமிட்டுவது போல் மின்னி மறைந்தது. வீட்டார், ‘விளக்கு கெட்டது’ என்று எண்ணிப் புது விளக்கை மாட்டினர். அதுவும் அவ்வாறே ஒளிர்ந்தது. பிழை விளக்கில் இல்லை என்பது இச்சோதனையால் தெளிவாயிற்று.

அங்ஙனமாயின் காரணம் யாது? அணைத்த விளக்கு ஒளிர்கிறதென்றால், எங்கேயோ ஒரு சிறிய பாதை மூடாமல் இருக்கிறது என்பது பொருள். அப்பாதை மூன்று வழிகளில் உண்டாகக்கூடும்.

முதல் வழி, தானியங்கிச் சுவிட்சின் இயல்பினால் வருவது. சாதாரணச் சுவிட்சு உயிரற்ற கதவு போன்றது; அதற்கு உணவு வேண்டுவதில்லை. தானியங்கிச் சுவிட்சோ விழித்திருக்கும் காவற்காரன் போன்றது. எந்நேரமும் கட்டளைக்குச் செவிசாய்த்திருக்க அதற்குச் சிறிது மின்சாரம் தேவை. அதற்கு உணவளிக்கப் பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளும் சுவிட்சுப் பெட்டிக்குள் வந்திருக்க வேண்டும். பழைய வீட்டின் தனிப் பெட்டிகள் சிலவற்றில் பேஸ் கம்பி ஒன்றும், அதிலிருந்து விளக்குக்குச் செல்லும் கம்பி ஒன்றும் மட்டுமே உண்டு. நியூட்ரல் நேரே விளக்குக்குச் சென்றிருக்கும். இத்தகைய இடத்திற்கென, நியூட்ரல் இன்றி இயங்கும் சுவிட்சுகள் விற்கப்படுகின்றன. அவை தமக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே திருப்பி அனுப்புகின்றன. பழைய இழை விளக்கு இச்சிறு ஓட்டத்தைப் பொருட்படுத்தாது; அதன் இழை சிவக்கவும் போதாது. எல்.இ.டி. விளக்கினுள்ளோ மின்னேற்பி ஒன்று இருக்கிறது. அது கசியும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, நிறைந்ததும் விளக்குக்கு அளிக்கிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே கண்முன் நிகழ்கிறது.

இரண்டாவது வழி, கம்பிகளின் அண்மையினால் வருவது. மின்சாரமுள்ள கம்பியும் இல்லாத கம்பியும் ஒரே குழாயில் நெடுந்தூரம் அடுத்தடுத்துச் சென்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு இடைவெளியைக் கடந்தே மிகச் சிறு மின்னோட்டம் தாவும். அதுவும் விளக்கை மங்கலாக ஒளிரச் செய்யும்.

மூன்றாவது வழியே அஞ்சத்தக்கது. சுவிட்சைப் பேஸ் கம்பியில் பொருத்தாமல், நியூட்ரல் கம்பியில் பொருத்திவிடும் தவறு அது. அவ்வாறு செய்தாலும் விளக்கு எரியும்; அணைக்கவும் அணையும். குறை இருப்பதே தெரியாது. ஆனால், அணைத்த பின்னும் ஹோல்டரில் 230 வோல்ட் அழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். ‘சுவிட்சைத்தான் அணைத்துவிட்டோமே’ என்று நம்பி, இரும்பு ஏணியில் ஏறி விளக்கைக் கழற்றும் ஒருவன் விரல் ஹோல்டரின் உள்ளே பட்டால் அவன் நிலை என்னாகும்?

ஒரே அறிகுறி, மூன்று காரணங்கள். இரண்டு தீங்கற்றவை, ஒன்று உயிரைக் கொல்வது. ஆதலின், ‘மங்கலாகத்தானே ஒளிர்கிறது’ என்று வாளா இருத்தல் கூடாது. பழைய இழை விளக்கை மாட்டி மங்கல் ஒளியை மறைத்துவிடுவதும் கூடாது. அது காய்ச்சலைத் தணிக்காமல் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பாகும்.

தேர்ந்த மின்பணியாளர் இதை எவ்வாறு தீர்ப்பார்? மின்சாரத்தை முதலில் முற்றும் துண்டிப்பார். தானியங்கிச் சுவிட்சைக் கழற்றி, அவ்விடத்தில் சாதாரணச் சுவிட்சு ஒன்றைப் பொருத்துவார். மீண்டும் மின்சாரம் கொடுத்து, சுவிட்சை அணைத்துப் பார்ப்பார். மங்கல் ஒளி மறைந்தால், காரணம் தானியங்கிச் சுவிட்சின் உணவே என்பது உறுதி. ஒளி மறையாவிடின், மற்ற இரண்டுள் ஒன்று. அளக்கும் கருவியைக் கொண்டு, சுவிட்சுக்கு வரும் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள அழுத்தத்தைப் பார்ப்பார். 230 வோல்ட் அளவு காட்டினால், வருவது பேஸ் கம்பியே. சுவிட்சு உரிய இடத்தில் இருக்கிறது. அவ்வாறு காட்டாவிடின், நியூட்ரலில் சுவிட்சு பொருத்தப்பட்டிருக்கிறதோ என்று விளக்கிடத்திலும் அளந்து உறுதி செய்து, கம்பிகளை மாற்றியமைப்பார். காரணம் தெரிந்தபின் மருந்து எளிது. சுவிட்சின் உணவே காரணமாயின், பெட்டிக்கு நியூட்ரல் கம்பி ஒன்றைக் கொணர்ந்து அதற்குரிய சுவிட்சைப் பொருத்தலாம். அல்லது சுவிட்சைச் செய்தவரே அளிக்கும் துணைக்கருவியை விளக்குக்கு இணையாக இணைத்து, அச்சிறு ஓட்டத்திற்கு வேறு வழி விடலாம்.

இங்கே ஒரு பெருந்தவற்றைச் சுட்டிக்காட்டல் வேண்டும். பெட்டியில் நியூட்ரல் இல்லாதபோது, அருகில் இருக்கும் பச்சை நிற எர்த்துக் கம்பியையே நியூட்ரலாகப் பயன்படுத்திவிடுவோர் உண்டு. சுவிட்சு இயங்கும், வேலை எளிதில் முடிந்ததாகவும் தோன்றும். ஆனால், சும்மா இருக்க வேண்டிய காவற்கம்பியில் இப்போது மின்சாரம் ஓடுகிறது. அக்கம்பி என்றேனும் ஓரிடத்தில் அறுந்தால், திரும்ப வழியில்லாத மின்சாரம் அதனோடு இணைந்த கீசர், சலவைப்பெட்டி முதலியவற்றின் உலோக உடல்களில் ஏறி நிற்கும். காவலுக்கு வைத்தவனே கள்வனாகிவிடுவான். எக்காரணத்தை முன்னிட்டும் எர்த்துக் கம்பியைத் திரும்பும் வழியாக்குதல் ஆகாது.

மின்னோட்டம் போனது போலவே திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்கும் கருவியும் உண்டு. அதை ஆர்.சி.சி.பி. என்பர். பேஸ் வழியே சென்ற அளவும் நியூட்ரல் வழியே திரும்பிய அளவும் சமமாக இருக்கும்வரை அது பேசாதிருக்கும். இரண்டும் வேறுபட்டால், விடுபட்ட மின்சாரம் ஒரு மனிதன் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ பூமிக்குச் செல்கிறது என்று கருதி, நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வீடுகளுக்குரிய கருவி 30 மில்லியாம்பியர் வேறுபாட்டிற்குள் துண்டிக்குமாறு அமைக்கப்படுகிறது. மின் அதிர்ச்சியால் உடலுக்கு நேரும் விளைவுகளை ஆராய்ந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1961-ஆம் ஆண்டில் இவ்வகைக் காப்புக் கருவி ஒன்றை உருவாக்கினார். 9 வாட் விளக்கு எரிய ஏறத்தாழ 40 மில்லியாம்பியர் வேண்டும். படிக்கட்டில் எரியும் சிறு விளக்கின் மின்னோட்டமே மனிதன் உயிருக்கு ஊறு செய்யப் போதியது என்பதை இதனால் உணரலாம்.

தானியங்கிச் சுவிட்சு பொருத்தியதும் இக்காப்புக் கருவி அடிக்கடி துண்டித்தால், பலர் கருவியையே குறை கூறுவர். சிலர் அதை நீக்கியும் விடுவர். அது அறியாமை. அடுத்த அறையின் சுற்றிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்கி இணைத்திருந்தால், ஒரு வழியே போன மின்சாரம் வேறு வழியே திரும்பும், கணக்கு ஒவ்வாது, கருவி துண்டிக்கும். அது தன் கடமையையே செய்கிறது. திருத்த வேண்டியது இணைப்பைத்தான். ஆயினும், ஒருவன் ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பற்றினால், போன மின்சாரம் முழுவதும் கணக்குப்படி திரும்பிவிடுமாதலால், இக்கருவியும் அவனைக் காவாது. காவல் இருக்கிறதென்று கருத்தின்றி இருத்தல் கூடாது.

இனி, சுமையைப் பற்றிய பிழையைக் காண்போம். 9 வாட் விளக்குக்கும் 2,000 வாட் கீசருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு மின்சாரத்தைத் தொடங்கும் கணத்தில் இழுக்கும். விளக்குக்கெனச் செய்த சிறு ரிலேயை மோட்டாருக்கு இட்டால், அதன் உலோக முனைகள் பொறியால் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். அப்போது கைப்பேசி, ‘அணைந்தது’ என்று காட்டும். மோட்டாரோ ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி நிரம்பி வழியும். கிணறு வற்றினால் மோட்டாரும் கருகும். ஆகவே, மோட்டாருக்குக் கான்டாக்டர் என்னும் வலிய சுவிட்சை இட்டு, தானியங்கி அதை மட்டும் ஏவுமாறு அமைத்தல் முறை. அவ்வாறே விளக்கின் ஒளியைக் குறைக்கும் கருவியால் விசிறியின் வேகத்தைக் குறைக்க முயன்றால் விசிறி முனகும், சூடேறும். விசிறிக்கென அமைந்த ரெகுலேட்டரையே அதற்குப் பயன்படுத்த வேண்டும். கருவியின் மேல் அச்சிட்டுள்ள ஆம்பியர் அளவு அழகுக்காக எழுதியதன்று; அதை மீறாதே என்னும் ஆணையாகும்.

எல்லாவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. கைப்பேசியில் அணைத்தல் அணைத்தல் ஆகாது. ஒருவர் ஏணிமேல் நின்று கம்பியைத் தொடும் வேளையில், வீட்டிலுள்ள மற்றொருவர் வாய்தவறி ‘விளக்கை ஏற்று’ என்று சொல்லக்கூடும்; மாலை 6 மணிக்கு எரியுமாறு முன்பே இட்ட கட்டளை அக்கணமே நிறைவேறக்கூடும்; தொலைவூரில் இருக்கும் மகன் தன் கைப்பேசியைத் தொடக்கூடும். மேலும், சில தானியங்கிகளில் உலோக முனைகளுக்கு மாற்றாக மின்னணுச் சுவிட்சே உள்ளது. அது அணைந்த நிலையிலும் சிறிது மின்சாரத்தைக் கசியவிடும். ஆகவே, பழுது பார்க்கும் முன் மெயின் பெட்டியிலேயே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். வீட்டில் இன்வர்ட்டர் இருக்குமாயின், மெயினை அணைத்ததும் அது விழித்துக்கொண்டு விளக்குச் சுற்றுக்கு மின்சாரம் ஊட்டும். அதையும் நிறுத்த வேண்டும்.

துண்டித்த பின்னும் நம்பிவிடுதல் ஆகாது, சோதித்தறிய வேண்டும். சோதிப்பதிலும் ஒரு முறை உண்டு. மின்சாரம் இருப்பதாகத் திண்ணமாகத் தெரிந்த இடத்தில் முதலில் கருவியை வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பு, வேலை செய்யவேண்டிய கம்பியில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடியும் முதலிடத்தில் வைத்து, கருவி இடையில் கெடவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். டெஸ்டரில் விளக்கு எரியாமைக்கு மின்சாரம் இல்லாமையும் காரணமாகலாம். டெஸ்டர் பழுதானமையும் காரணமாகலாம். இரண்டையும் வேறு பிரித்தறிவது இம்மூன்று படிச் சோதனையே. இதற்குச் செல்லும் நேரம் ஒரு நிமிடம்; இதைச் செய்யாமையால் போவது ஓர் உயிர்.

மாணவர்களே! நீங்கள் சுவிட்சுப் பெட்டியைத் திறத்தல் வேண்டா. அது உரிமம் பெற்ற மின்பணியாளர்க்குரிய வேலை. ஆயினும், பெட்டியைத் திறவாமலே நீங்கள் செய்யக்கூடியன பல. எந்த விளக்கு, எந்த நேரத்தில், எவ்வாறு பிழை செய்கிறது என்று குறித்து வைக்கலாம். பொத்தானை அழுத்திப் பார்த்து, பிழை பாதையிலா செய்தியிலா என்று பிரித்தறியலாம். பலகையில் சூடோ கருகல் மணமோ தோன்றினால் உடனே பெரியவர்களிடம் கூறி மெயினை அணைக்கச் செய்யலாம். ஆர்.சி.சி.பி. கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தி, கருவி துண்டிக்கிறதா என்று அவ்வப்போது பார்க்குமாறு வீட்டாரிடம் நினைவூட்டலாம். மின்பணியாளர் வந்தால், ‘விளக்கு எரியவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், கண்டவற்றை வரிசையாகச் சொல்லலாம். நோயாளி தன் துன்பத்தைத் தெளிவாகச் சொன்னால் மருத்துவர்க்குப் பாதி வேலை குறையும்.

கருவிகள் மேலும் மாறும்; கட்டளை வரும் வழிகளும் மாறும். மின்சாரம் போகவும் திரும்பவும் வழி வேண்டும் என்னும் விதி மாறாது. அவ்விதியை உணர்ந்து, ஊகிப்பதை விடுத்துச் சோதித்து, சோதித்த பின்னரே தொடுவோர் இல்லத்தில் மின்சாரம் என்றும் நல்ல பணியாளாகவே இருக்கும்.